இந்தக் கூடாரம்

செப்டம்பர் 3

அன்புள்ள வாசம்,

மாப்பிள்ளை எப்படி இருக்கிறார்? போன மாதம் நான் அங்கே வந்து கிளம்பும்போது இடது கையைத் தூக்கி அசைத்தாரே, அது வழியனுப்புவதா, இல்லை 'சீக்கிரம் இடத்தைக் காலி பண்ணு' என்பதா என்று பஸ்ஸில் ஏறிய பிறகும் யோசித்துக்கொண்டே வந்தேன். உன் அண்ணியிடம் கேட்டேன். "சந்தேகமே வேண்டாம், ரெண்டாவதுதான்" என்கிறாள்.

ஒரு காரியமாகத்தான் எழுதுகிறேன். இந்த மாதக் கடைசியில் எங்கள் சபை மைதானத்தில் ஏழு மாலை கூட்டம் வைக்கிறோம். யூதர்களுடைய கூடாரப் பண்டிகையைப் பற்றி. விளைந்ததெல்லாம் வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகு, அந்த வீட்டைவிட்டு வெளியே வந்து, தழை போட்ட கூடாரத்தில் ஏழு நாள் தங்கச் சொன்ன பண்டிகை அது. வயிறு நிறைந்திருக்கிற நேரத்தில்தானே மனுஷனுக்கு மறதி வரும். நீ வனாந்தரத்தில் நடந்து வந்தவன், உன்னைக் காப்பாற்றியது சுவர் அல்ல என்று வருஷத்துக்கு ஒரு முறை கடவுள் நினைவுபடுத்துகிறார். அதையும் அழுதுகொண்டு செய்யக்கூடாது, சந்தோஷமாகச் செய்யவேண்டும் என்பது கட்டளை.

"அது அவங்க பண்டிகை, நமக்கு அதுல என்ன இருக்கு போதகரே?" என்று சபைப் பொருளாளர் கேட்டார். நமக்கு அதில்தான் எல்லாமே இருக்கிறது. ஆதியில் இருந்த வார்த்தை மனிதனாகி நம் நடுவே வந்தது என்று சுவிசேஷத்தில் வருகிறதே, மூலமொழியில் அந்த இடத்தில் இருப்பது 'கூடாரம் போட்டது' என்ற சொல். கடவுள் அரண்மனை கட்டிக்கொண்டு வரவில்லை. நம்மைப் போலவே கிழியக்கூடிய ஒரு கூடாரத்தைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து குடியிருந்தார். நம் வேதத்தில் அதை 'வாசம்பண்ணினார்' என்று போட்டிருக்கிறார்கள்.

இப்போது புரிந்திருக்குமே நான் எங்கே வருகிறேன் என்று. அப்பா அந்த இடத்தை வாசித்த சாயங்காலம், ஆறு வயசுக்காரி நீ எழுந்து நின்று மூக்கை உறிஞ்சிவிட்டு, "ஒரு வாசமும் வரலையேப்பா" என்றாய். அப்பா சிரித்த சிரிப்பில் கண்ணாடி கழன்று விழுந்தது. அன்றைக்கு வைத்த பெயர், இன்றைக்கு உன்னை அப்படிக் கூப்பிட நான் ஒருவன்தான் மிச்சம். இதை முதல் நாள் பிரசங்கத்தில் சொல்லிக்கொள்ளலாமா? நீ சரி என்றால்தான் சொல்வேன்.

இன்னொன்று. மேடைக்குப் பின்னால் நிஜமாகவே ஒரு கூடாரம் போடப் போகிறோம். மூன்று பக்கச் சுவருக்குக் கித்தான் துணி தைத்துத் தருவாயா? கூரைக்கு வேண்டாம். கூரை தழைதான். இடுக்கு வழியே வானம் தெரியவேண்டும் என்பது முறை.

பிரசங்கங்களைப் பதிவு செய்து போனுக்கு அனுப்புகிறேன். மாப்பிள்ளைக்குப் போட்டுக் காட்டு. படிக்கட்டில் நீ சொன்னதை நான் மறக்கவில்லை. தினமும் முழங்காலில் நிற்கும்போது முதலில் வருவது அதுதான்.

உன் அண்ணன்


செப்டம்பர் 10

அண்ணா,

துணி அனுப்பிவிட்டேன். லாரிக்குத் தைக்கிற முரட்டுத் துணி இல்லை, கடை முன்னால் நிழலுக்குக் கட்டுகிற வகை. ஓரத்தை மடித்து இரட்டைத் தையல் போட்டிருக்கிறேன். கயிறு கோக்க வளையங்கள் அடித்திருக்கிறேன். உங்கள் சபை வாலிபர்கள் வளையத்தை விட்டுவிட்டுத் துணியில் ஓட்டை போட்டுக் கட்டினால் நான் பொறுப்பில்லை.

கம்பம் எப்படி நடவேண்டும் என்று இவர் என் உள்ளங்கையில் விரலால் வரைந்து காட்டினார். எத்தனை கட்டடத்துக்குச் சாரம் கட்டினவர், சும்மா இருப்பாரா? மூலைக்குக் குறுக்குக் கட்டை போடாவிட்டால் காற்றுக்குச் சாயும் என்கிறார். அதை விளங்கிக்கொள்ளவே எனக்கு அரை மணி ஆயிற்று. நடுவில் நான் தப்பாகப் புரிந்துகொண்டதற்கு ஸ்பூனால் கட்டில் கம்பியைத் தட்டித் திட்டினார். வாயால் திட்ட முடியவில்லை என்ற குறையே இல்லாமல் அந்த ஸ்பூன் பேசுகிறது. கூரைக்குத் துணி வேண்டாம் என்று நீ எழுதியதை வாசித்துக் காட்டினேன். மேலே கையைக் காட்டி, விரல்களை மழை மாதிரி ஆட்டி, உன் போட்டோவைக் காட்டினார். நனையப் போகிறாய் என்கிறார்.

மூக்கு விஷயத்தைச் சொல்லிக்கொள். ஆனால் எனக்கு அப்போது ஆறு வயசு இல்லை, ஐந்து. ஐந்து என்றால்தான் எனக்கு மரியாதை.

நீ போனில் கேட்டாயே, ஏன் எதையும் பேசாமல் 'ம்', 'சரி' என்று வைத்துவிடுகிறேன் என்று. எங்களுக்கு இருப்பது ஒரே அறை. தையல் மிஷினும் அடுப்பும் கட்டிலும் அதற்குள்தான். நான் எவ்வளவு மெதுவாகப் பேசினாலும் இவருக்குக் கேட்கும். பக்கவாதம் வாயையும் வலப்பக்கத்தையும் எடுத்துக்கொண்டு காதை மட்டும் தீட்டிவைத்துவிட்டுப் போயிருக்கிறது. அதனால்தான் அன்றைக்கு உன்னை வழியனுப்புகிற சாக்கில் படிக்கட்டு வரைக்கும் இறங்கி வந்தேன். யாரிடமாவது ஒரு தடவை சொல்லிவிட்டால் நெஞ்சு லேசாகும் என்றிருந்தது. லேசாயிற்று. அங்கே சொன்னது அங்கேயே இருக்கட்டும் அண்ணா. ஜெபத்தில் வை. வேறு எங்கேயும் வைக்காதே.

பிரசங்கம் அனுப்பு. நீளம் என்று கொட்டாவி விடுவார், நிறுத்தினால் முறைப்பார்.

தங்கை


செப்டம்பர் 30

அண்ணா,

இந்தச் சொல்லைப் பழக்கத்தில் எழுதிவிட்டேன். அடிக்க மனசில்லை, இருக்கட்டும்.

விடாமல் போன் அடிக்கிறாய். எடுக்கமாட்டேன். எடுத்து இந்த அறையில் வைத்து என்ன பேசுவேன்?

முதல் நாள் பேசியதைப் போட்டேன். மூக்கு விஷயம் வந்ததும் இவர் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. "இந்தக் கூடாரத்துக்குச் சுவர் தைத்ததே அந்தத் தங்கச்சிதான்" என்று நீ சொன்னதும் கூட்டம் கை தட்டியது. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். மூன்றாம் நாள் தண்ணீரைப் பற்றி. பண்டிகையில் தண்ணீர் மொண்டு ஊற்றுவார்கள், அந்தப் பண்டிகையின் கடைசி நாளில் ஆண்டவர் எழுந்து நின்று, தாகமாக இருக்கிறவன் என்னிடம் வரட்டும் என்று சத்தமிட்டுக் கூப்பிட்டார் என்றாய். அந்த இடத்தில் இவர் ஒரு விரலைத் தூக்கினார். எங்கள் பாஷையில் அதற்குத் தண்ணீர் வேண்டும் என்று அர்த்தம். இருவரும் சேர்ந்து சிரித்தோம். எத்தனை மாதம் கழித்து என்று தெரியவில்லை.

ஐந்தாம் நாளுடையதையும் நான்தான் போட்டேன். இந்தக் கையால்தான். தலையணைப் பக்கத்தில் போனை வைத்துவிட்டு உருளைக்கிழங்கை மசித்துக்கொண்டிருந்தேன். நம் உடம்பே ஒரு கூடாரம்தான் என்று நீ பேசிக்கொண்டிருந்தாய். மழைச் சத்தம் கேட்டது. நாற்காலிகளை இழுக்கிற சத்தம் கேட்டது. சனம் எழுந்துகொள்கிறது என்று தெரிந்தது. அப்போது நீ குரலைத் தாழ்த்தினாய். உன் குரல் தாழ்ந்தால் ஏதோ வரப்போகிறது என்று சின்ன வயசிலிருந்தே எனக்குத் தெரியும்.

"எனக்குத் தெரிந்த ஒரு சகோதரி. கித்தான் தைக்கிறவள். கணவர் பெரிய பெரிய கட்டடங்களுக்குச் சாரம் கட்டியவர், இன்றைக்குத் தானாக எழுந்து உட்கார முடியாதவர். அந்தச் சகோதரி ஒருநாள் படிக்கட்டில் நின்று என்னிடம் சொன்னாள்: 'இந்தக் கூடாரத்தைச் சீக்கிரம் பிரிச்சிடும்னு ஆண்டவர்கிட்ட கேக்கறேன் ஐயா.'"

அண்ணா என்பதை ஐயா என்று மாற்றினாய். அவ்வளவுதான் உன் மறைப்பு. பெயர் சொல்லவில்லை என்று நீ பதில் எழுதுவாய், எனக்குத் தெரியும். முதல் நாள் உன் தங்கச்சி கித்தான் தைக்கிறவள் என்றாய், ஐந்தாம் நாள் கித்தான் தைக்கிற ஒரு சகோதரி என்றாய். கூட்டிப் பார்க்க யாருக்குத் தெரியாது?

அதற்கு மேல் நாற்காலிச் சத்தம் கேட்கவில்லை. எழுந்தவர்கள் எல்லாம் மழையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள் போல. என்னைக் கொடுத்து அவர்களை உட்காரவைத்தாய்.

நான் திரும்பிப் பார்ப்பதற்குள் இவரே போனை அணைத்துவிட்டார். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுக்கப் பார்த்தார். அவரால் ஆகாது. தலை மட்டும் திரும்பியது. மசித்ததை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். வாயைத் திறக்கவில்லை. "என்னங்க" என்றேன். இடது கையை மூடிக் காட்டினார். வேண்டாம் என்று அர்த்தம். கீழ்வீட்டு நர்ஸ் வந்து ஊட்டினாள், சாப்பிட்டார். அன்றிலிருந்து அவள் கையால்தான் சாப்பாடு. அவள் காலையில் வேலைக்குப் போகுமுன் ஒரு வேளை, வந்த பிறகு ஒரு வேளை. நடுவில் நான் தண்ணீர் கொடுத்தாலும் உதட்டை இறுக்கிக்கொள்கிறார். எதையாவது கலந்து கொடுத்துவிடுவேன் என்று பயப்படுகிறாரோ என்னவோ.

நான் தைக்கப் போகிற கடையில் துணி வெட்டுகிற அக்கா என் தோளில் கை போட்டு, "உங்க அண்ணன் பேசினதை போன்ல கேட்டு அழுதுட்டேன்மா. நீ வேண்டிக்கிட்டதுல தப்பே இல்ல, யாரா இருந்தாலும் அப்படித்தான்" என்றாள். ஆறுதல் சொல்கிறாளாம். அன்றைக்கு முழுவதும் என் தையல் கோணிக்கொண்டே போனது.

அந்த வனாந்தரத்தில் அத்தனை கூடாரங்களும் ஒட்டி ஒட்டித்தானே இருந்திருக்கும்? எவ்வளவு கனத்த துணியாக இருந்தாலும் சத்தத்தைத் தடுக்காது. பக்கத்துக் கூடாரத்தில் அழுவதும் சண்டை போடுவதும் எல்லாருக்கும் கேட்டிருக்கும். கேட்டதைக் கேட்காத மாதிரி விட்டதால்தான் அவர்கள் நாற்பது வருஷம் சேர்ந்து இருந்திருக்கவேண்டும். கடவுள் நம் பக்கத்தில் கூடாரம் போட்டார் என்று சொன்னாயே. அவர் பக்கத்துக் கூடாரத்தில் காதில் விழுந்ததை மேடையில் ஏறிச் சொன்னாரா?

இனி என்னை அந்தப் பெயரில் கூப்பிடாதே.


அக்டோபர் 5

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதத்தை நான் வாசித்தேன். உன் அண்ணியும் வாசித்தாள். அவள் என்னோடு பேசி நாளாகிறது. ஆகவே நீ கொடுக்க நினைத்த தண்டனையில் பாதி இங்கேயே நடந்துகொண்டிருக்கிறது.

உன்னை நோகடிக்கவேண்டும் என்று நான் பேசவில்லை. அதை நீயும் அறிவாய். ஐந்தாம் நாள் பொருள், நம் உடம்பு ஒரு கூடாரம் என்பது. பூமியில் இருக்கிற இந்தக் கூடாரம் அழிந்துபோனாலும் பரலோகத்தில் நமக்கு நித்திய வீடு உண்டு என்று அப்போஸ்தலன் சொல்கிறாரே, அந்த இடம். கூடாரத்தைப் பிரிப்பது சாபமில்லை, வீடு போய்ச் சேருவது என்று விளக்கிக்கொண்டிருந்தேன். சொற்கள் வெறும் சொற்களாகப் போய்க்கொண்டிருந்தன. உன்னுடைய வாக்கியம் அத்தனை உண்மையாக என் மனதில் இருந்தது, நான் தேடுமுன்பே வாய்க்கு வந்துவிட்டது. கூட்டம் முடிந்து எத்தனை பெண்கள் வந்தார்கள் தெரியுமா? ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க வீட்டிலயும் இதேதான் ஐயா, நான் ராட்சசின்னு நெனச்சிக்கிட்டிருந்தேன்" என்று அழுதார். உன் ஒரு வார்த்தையால் அந்த அம்மா வீட்டுக்கு நிம்மதியாகப் போனார்.

உன்னைக் குற்றம் சொல்லி நான் அதைப் பேசவில்லை. மாப்பிள்ளை படுகிற பாட்டைக் கண்ணால் காண்கிறவள் நீ. அவருக்கு விடுதலை கிடைக்கவேண்டும் என்று கேட்டாய். அது அன்புதான். அன்பில்லாதவள் அப்படிக் கேட்கமாட்டாள். இதைத்தான் சபையிலும் சொன்னேன், மிச்சத்தையும் கேட்டிருந்தால் உனக்கே தெரிந்திருக்கும். மாப்பிள்ளையும் முழுதாகக் கேட்டிருந்தால் மனம் ஆறியிருப்பார்.

இருந்தாலும் உன்னைக் கேட்காமல் சொன்னது தவறு. மன்னித்துக்கொள். அந்தப் பதிவைச் சபையின் இணையப் பக்கத்திலிருந்து எடுக்கச் சொல்லிவிட்டேன்.

அண்ணன்


அக்டோபர் 9

அண்ணா,

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். மன்னிப்புக் கேட்ட இடத்தை அல்ல. 'அவருக்கு விடுதலை கிடைக்கவேண்டும் என்று கேட்டாய்' என்று எழுதியிருக்கிறாயே, அந்த இடத்தை.

இவர் தப்பாக நினைத்தார் என்று இதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். நீ வேறு எதையோ விளக்கப்போய் அது அப்படி வந்து விழுந்துவிட்டது என்று. இல்லை. நீயே அப்படித்தான் நினைத்திருக்கிறாய். படிக்கட்டில் நின்ற அந்த நிமிஷத்திலிருந்து, பஸ்ஸில், வீட்டில், முழங்காலில், எல்லா இடத்திலும், என் புருஷன் சாகவேண்டும் என்று நான் கேட்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாய்.

நான் என் கூடாரத்தைச் சொன்னேன் அண்ணா.

இந்தக் கூடாரம். இது. இந்தக் கையும் காலும் இடுப்பு வலியும். காலையில் கண் விழித்தால் 'இன்னைக்கும் எழுந்துட்டேனா' என்று இருக்கும். கடையில் தைத்து, வந்து இவரைப் புரட்டி, துணி மாற்றி, துவைத்து, மறுபடி மிஷினில் உட்கார்ந்து, என்னால் முடியவில்லை என்பதை யாரிடமும் சொல்ல முடியாமல் ஆண்டவரிடம் சொன்னேன். சொன்னதோடு சரி. நான் போனால் இவரை யார் பார்ப்பார்கள் என்பதும் உடனே வரும், அதனால் கேட்டுவிட்டு, அடுத்த மூச்சில் வேண்டாம் என்றும் சொல்வேன். இதைத்தான் உன்னிடம் சொல்ல வந்தேன். முதல் பாதியைச் சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. நீ தலையில் கை வைத்து ஜெபித்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று போய்விட்டாய்.

அப்போது நான் வீட்டுக் கதவைத் திரும்பிப் பார்த்தேன். ஞாபகம் இருக்கிறதா? அடுப்பில் பால் இருந்தது. பொங்கிவிடுமோ என்று பார்த்தேன். அவரைக் காட்டினேன் என்று எடுத்துக்கொண்டாயா?

நீ போதகர். 'இந்த' என்று வேதத்தில் ஒரு சொல் வந்தால் எந்த, ஏன், யாரைக் குறித்து என்று அரைமணி நேரம் பேசுகிறவன். உன் தங்கச்சி வாயிலிருந்து அதே சொல் வந்தது. 'எந்தக் கூடாரம்மா?' என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. என்னோடு பிறந்து, என்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவனுக்கு, நான் இப்படிக் கேட்கக்கூடியவள் என்று ஒரு நொடியில் தோன்றிவிட்டது, பிறகு சந்தேகமே வரவில்லை. அதை மேடையில் சொன்னதைவிட இதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இவரிடம் போய் உண்மையைச் சொல் என்பாய். என்னவென்று சொல்லட்டும்? 'உங்க சாவைக் கேக்கலைங்க, என் சாவைத்தான் கேட்டேன்' என்றா? இதைச் சொல்லி ஒரு மனுஷனுக்கு ஆறுதல் கொடுக்க முடியுமா? இப்போது அவருக்கு நான் கெட்டவள். அதைச் சொன்னால் அவர் எனக்குப் பாரம். நான் கெட்டவளாகவே இருந்துவிட்டுப் போகிறேன். கோபமாக இருக்கும்வரை நர்ஸ் கையாலாவது சாப்பிடுவார்.

இதை உன்னிடமும் சொல்லியிருக்கக்கூடாது. நீ நினைத்துக்கொண்டிருப்பதைப் பொறுக்க முடியாமல் சொல்லிவிட்டேன். உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன். இது உன்னைத் தாண்டி யாருக்கும் போகக்கூடாது. அண்ணிக்குக் கூட.

தங்கை


அக்டோபர் 13

அன்பான தங்கச்சி,

நீ கூப்பிட வேண்டாம் என்ற பெயரை எழுதாமல் இருக்கிறேன்.

உன் கடிதம் வந்தபோது சபை அலுவலறையில் ஆட்கள் இருந்தார்கள். பிறகு வாசிக்கலாம் என்று பையில் வைத்துக்கொண்டு, பொறுக்காமல் ஆலயத்துக்குள் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து வாசித்தேன். உன் கதவுப் பார்வை எனக்கு ஞாபகம் இருக்கிறது. நீ சொன்னது சரி. அவரைக் காட்டினாய் என்றுதான் எடுத்துக்கொண்டேன். நீயாக இருக்கும் என்று தோன்றவே இல்லை. நீ எதையும் தாங்குகிறவள் என்று சின்ன வயசிலேயே நானாக முடிவு கட்டிவிட்டேன், அது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

நாற்காலிகளைப் பற்றி நீ எழுதியதும் உண்மை. பின்னால் தழைக்கூரை ஒழுகியது, முன்னால் மைதானம் நனைந்தது. முன்வரிசையே எழுந்துவிட்டது. ஐந்து நாளாகச் சேர்த்த கூட்டம் என் கண் முன்னால் கலைகிறது. அந்த நேரத்தில் அவர்களை நிறுத்த என் கையில் இருந்தது உன் வாக்கியம் மட்டும்தான். தானாக வாய்க்கு வந்தது என்று போன கடிதத்தில் எழுதினேன். தானாக வரவில்லை. எடுத்தேன்.

இப்போது எழுதப்போவதற்கு நீ என்னை மன்னிக்கமாட்டாய் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். மாப்பிள்ளைக்குச் சொல்லிவிட்டேன். அவர் தலைமாட்டில் இருக்கிற அவருடைய போனுக்கு என் குரலில் பதிவு செய்து அனுப்பிவிட்டேன். தப்பாகப் புரிந்துகொண்டது நான், அவள் கேட்டது தன்னைப் பற்றி, உங்களைப் பற்றி அல்ல என்று. வேறு எதுவும் சேர்க்கவில்லை.

ஏன் என்று கேட்பாய். நீ அவர் கண்ணில் அப்படி நிற்பதை இன்னும் ஒரு நாள்கூட என்னால் விட்டுவைக்க முடியவில்லை. அதைவிட, பயந்துவிட்டேன். காலையில் எழுந்திருக்கப் பிடிக்கவில்லை என்று எழுதுகிறாய். நான் இவ்வளவு தூரத்தில் இருக்கிறேன். உன் பக்கத்தில் இருக்கிற ஒரே மனுஷனுக்கு அது தெரியாமல் இருக்கலாமா? நீ கேட்டுக்கொண்டதை மீறினேன். மறுபடியும் அதே நிலைமை வந்தால் மறுபடியும் மீறுவேன் என்றுதான் நினைக்கிறேன்.

இந்தக் கடிதம் உன் கைக்கு வருமுன் அவர் கேட்டிருப்பார். நீ சரி என்று ஒரு வார்த்தை எழுது, உடனே கிளம்பி வருகிறேன்.

அண்ணன்


அக்டோபர் 21

அண்ணா,

கேட்டார். நான் கடையில் இருந்தபோது. ஒரு தடவை அல்ல, பல தடவை. எனக்கு எதுவும் தெரியாது. உன் கடிதமும் அப்போது வந்து சேரவில்லை. வீட்டுக்கு வந்து கைகால் கழுவிவிட்டு, சும்மா கேட்டு வைப்போம் என்று "சூப் தரட்டுமா?" என்றேன். வாயைத் திறந்தார்.

நான் எவ்வளவு முட்டாள் பார். இவர் கோபம் ஆறவேண்டும் என்ற என் ஜெபத்தை ஆண்டவர் கேட்டுவிட்டார் என்று நினைத்தேன். முழுக் கிண்ணத்தையும் காலி செய்தார். இன்னும் என்றேன், இன்னும் குடித்தார். இவருக்குக் காரட் பிடிக்காது. அதையும் முகம் சுளிக்காமல் விழுங்கினார். விழுங்கிவிட்டு என்னைப் பார்த்துப் புன்னகை செய்தார்.

கல்யாணம் ஆனதிலிருந்து இவர் என்னைப் பார்த்து அப்படி ஒரு மரியாதைப் புன்னகை செய்தது கிடையாது. சிரிப்பார், இளிப்பார், கிண்டலாகப் பார்ப்பார். இது வேறு. ஆஸ்பத்திரியில் புது டாக்டர் வந்தால் செய்கிற புன்னகை.

மறுநாளிலிருந்து கவனித்தேன். ஸ்பூனால் தட்டுவதை நிறுத்திவிட்டார். ஸ்பூனைத் தலையணைக்கு அடியில் தள்ளிவைத்திருந்தார். தண்ணீருக்கு விரல் தூக்குவதில்லை, நானாகக் கொடுத்தால் குடிப்பார். அதுவும் கொஞ்சமாக. ஏன் என்று எனக்கு முதலில் புரியவில்லை. குறைவாகக் குடித்தால் துணி மாற்றும் வேலை குறையும் இல்லையா? ஒருநாள் கடையிலிருந்து வந்து பார்த்தால் நனைந்த விரிப்பிலேயே கிடக்கிறார். எப்போதிலிருந்து என்று தெரியவில்லை. அன்றைக்கு லீவில் இருந்த நர்ஸ் மதியம் வந்து கேட்டபோது எல்லாம் சரி என்று கை காட்டி அனுப்பிவிட்டாராம். அதற்குள் உன் கடிதமும் வந்தது. அதைப் படித்த பிறகுதான் எல்லாம் விளங்கிற்று.

என் புருஷனை என் வீட்டில் விருந்தாளியாக்கிவிட்டாய் அண்ணா. அடுத்த வேளைக்கு இருக்கச் சொல்வார்களோ போகச் சொல்வார்களோ என்று கூச்சப்பட்டுக்கொண்டு கட்டில் ஓரத்தில் கிடக்கிற விருந்தாளி. முன்பு கோபித்துக்கொண்டு முகத்தைத் திருப்பினாரே, அப்போதாவது இது அவருடைய வீடாக இருந்தது.

நீ பயந்தாய் என்று எழுதியதை நம்புகிறேன். பயந்தால் நீ கிளம்பி வந்திருக்கலாம். என்னைக் கேட்டிருக்கலாம். என்னைத் திட்டியிருக்கலாம். நர்ஸிடம் என்னைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கலாம். உனக்குப் பயம் வந்ததும் பேசத்தான் தோன்றியது. அன்றைக்கு மழை வந்தபோதும் அதுதான் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் உடைந்துவிட்டேன். விரிப்பை மாற்ற அவரைப் புரட்டும்போது, எனக்குக் கனம் தெரியக்கூடாது என்று நல்ல கையால் கட்டில் கம்பியைப் பிடித்து மூச்சைப் பிடித்துக்கொண்டு தன்னைத்தானே தூக்கப் பார்த்தார். நரம்பெல்லாம் புடைத்துக்கொண்டது. நான் விரிப்பை அப்படியே தரையில் போட்டேன்.

"உங்களை யாருங்க இங்க விருந்துக்குக் கூப்பிட்டா? எடுங்க அந்த ஸ்பூனை! தட்டுங்க! காரட்டைத் துப்புங்க! எதுக்கு என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டறீங்க? நான் செத்துப் போகணும்னு கேட்டேன்தான். ஆமா, கேட்டேன். அதுக்கு நீங்க பாதி செத்துக் காட்டணுமா?" என்று கத்தினேன். கீழ்வீட்டில் கேட்டிருக்கும். கேட்கட்டும் என்று விட்டுவிட்டேன். பிறகு தரையில் உட்கார்ந்து கட்டில் விளிம்பில் தலையை வைத்து, என்னென்ன உள்ளே இருந்ததோ எல்லாவற்றையும் சொன்னேன். படிக்கட்டில் உன்னிடம் சொன்னதை, சொல்லாமல் விட்டதை, கேட்டுவிட்டு அடுத்த மூச்சில் வேண்டாம் என்று சொல்வேனே, அதை. உன்னிடம் இறங்கி வந்து சொன்னதற்குப் பதில் முதலிலேயே இங்கே சொல்லியிருக்கவேண்டும். காது கேட்கிற மனுஷன் பக்கத்திலேயே இருந்தார்.

இடது கையை என் தலையில் வைத்தார். வெகுநேரம் வைத்திருந்தார். அப்புறம் பேசினார்.

சத்தம் அல்ல, முனகல் அல்ல. ஒரு வார்த்தை. பக்கவாதம் வந்த நாளிலிருந்து அவர் வாயில் வராத முழு வார்த்தை, எழுத்து எழுத்தாக, தெளிவாக. நான் நிமிர்ந்து பார்த்தேன். இன்னொரு தடவை அதையே சொன்னார், நான் சரியாகக் கேட்டேனா என்று சந்தேகம் வராதபடிக்கு.

இப்போதெல்லாம் அந்த ஜெபத்தை நான் செய்வதில்லை. அதைப்பற்றி நீ கவலைப்படவேண்டாம். நர்ஸுக்கும் சொல்லி வைத்திருக்கிறேன், அவளோடு போய் டாக்டரையும் ஒருமுறை பார்த்துவிட்டு வந்தேன். ஸ்பூன் மறுபடி வெளியே வந்துவிட்டது, நேற்று காரட் என் சேலையில் விழுந்தது.

சின்ன வயசிலிருந்து எனக்கு என்ன நடந்தாலும் முதலில் உன்னிடம் ஓடி வந்து சொல்வேன். இதையும் எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எடுத்த பிறகு நினைத்துப் பார்த்தேன். நீ நல்லவன் அண்ணா, கெட்டவனாக இருந்தால் எனக்கு இவ்வளவு கஷ்டமில்லை. உன்னிடம் கொடுத்தால் அந்த வார்த்தை நாலு பேருக்கு ஆறுதலாகப் போய்விடும். ஒரு அம்மா உன் கையைப் பிடித்துக்கொண்டு அழுவார். எங்களுக்கு அது மிஞ்சாது.

வருவதானால் வா. இவரைப் புரட்டிப் போட ஆள் வேண்டித்தான் இருக்கிறது, இவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. வந்து எத்தனை நாள் வேண்டுமானாலும் இரு. அந்த வார்த்தை என்ன என்று மட்டும் கேட்காதே. உனக்குச் சொல்லமாட்டேன்.

தங்கை